ஆழம் தெரியாமல் போட்ட கையொப்பம்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. ஆற்றுக்கும் குளத்துக்கும் சொன்னதாகவே நான் நீண்ட நாள் எண்ணியிருந்தேன். அதன் முழுப் பொருளையும் எனக்கு உணர்த்தியவர் தமிழே அறியாத ஓர் அமெரிக்க விவசாயி. அவர் காலை விடவில்லை, கையொப்பம் போட்டார். அவருக்குத் தெரியாமல் போன ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகம்.

நம் கழகத்தின் முன்னாள் செயலாளர் என்ற முறையில் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். நான் இலக்கியம் படித்தவன் அல்லன். இரசாயனப் பொறியியல் படித்தவன். எனவே, 2009 ஆகஸ்டு முதல் ஈராண்டுக் காலம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மேற்படிப்புக்காகத் தங்கியிருந்தபோது கண்ட ஒன்றை எழுதுகிறேன். நிலத்தடி எரிவாயுவைப் பற்றிய கட்டுரை இது. அதே வேளையில், ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிடப் போகும் ஒவ்வொருவருக்கும் உரிய கட்டுரை என்றும் கொள்ளலாம்.

அடுப்பங்கரை மேசையில் நடந்தது

நவம்பர் மாத இறுதியில் அமெரிக்கர்கள் நன்றி நவிலும் நாளைக் கொண்டாடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்கள் அன்று விருந்துக்கு அழைப்பதுண்டு. என்னை அழைத்த குடும்பம், மாநிலத்தின் வடகிழக்கே பிராட்ஃபோர்டு மாவட்டத்தில் பால் பண்ணை வைத்திருந்தது. நூறு ஏக்கர் நிலம், நாற்பது கறவை மாடுகள், தாத்தா காலத்து மரவீடு. குடும்பத் தலைவருக்கு அறுபது வயதிருக்கும். அவர் பெயரை இங்கே குறிப்பிடாமல் விடுகிறேன்.

விருந்து முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். இயற்கை எரிவாயு என்றேன். அவர் முகம் மாறியது. கையைத் துடைத்துக்கொண்டு போய், அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

2006ஆம் ஆண்டில் ஒருவர் காரில் வந்தாராம். எரிவாயு நிறுவனங்களுக்காக வீடு வீடாகச் சென்று குத்தகை எழுதி வாங்கும் இத்தகையவரை அங்கே 'லேண்ட்மேன்' என்பார்கள். ஏக்கருக்கு 25 டாலர் முன்பணம்; ஐந்தாண்டுக் குத்தகை; எரிவாயு கிடைத்தால் அதன் மதிப்பில் எட்டில் ஒரு பங்கு நில உரிமையாளருக்கு. நூறு ஏக்கருக்கு 2,500 டாலர். மாட்டுத் தொழுவத்தின் கூரை அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது.

"என் அப்பா காலத்திலும் இப்படித்தான் யாராவது வருவார்கள். குத்தகை எழுதிக்கொள்வார்கள், காசோலை தருவார்கள், அதோடு சரி. யாரும் வந்து தோண்டியதே இல்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்" என்றார் அவர்.

நான் அங்கே உணவருந்திய 2009இல், அவ்வட்டாரத்தில் ஒன்றுசேர்ந்து பேரம் பேசிய நில உரிமையாளர்கள் ஏக்கருக்கு 5,000 டாலருக்கு மேல் பெறத் தொடங்கியிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலத்துக்கும் அதே விலை. கணக்கு எளியது: இவருக்கு 2,500 டாலர், அதே அளவு நிலத்துக்கு அடுத்தவருக்கு ஐந்து லட்சம் டாலர். அந்த ஆண்டு பால் விலையும் சரிந்திருந்தது. அந்த வீட்டில் நிலவிய மௌனத்தின் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மேலே ஒருவர், கீழே ஒருவர்

மலேசியாவில் வளர்ந்த நமக்கு இதில் ஒரு செய்தி வியப்பாக இருக்கும். நம் நாட்டில் ஒருவர் நிலத்துக்குக் கெரான் வைத்திருந்தாலும் அதன் அடியில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும் அவருக்குச் சொந்தமாகா. 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் அவ்வுரிமையைப் பெட்ரோனாஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. உலகின் பெரும்பாலான நாடுகளிலும் நிலத்தடி வளம் அரசுடைமைதான்.

அமெரிக்கா இதற்கு விலக்கு. அங்கே நிலத்தை வாங்கியவருக்கே அதன் அடியில் உள்ள கனிமமும் சொந்தம். அதனைத் தனியாகப் பிரித்து விற்கவும் குத்தகைக்கு விடவும் முடியும். மேற்பரப்பு ஒருவருக்கும் நிலத்தடி இன்னொருவருக்குமாக இருப்பது அங்கே சாதாரணம். பென்சில்வேனியாவில் இது மிகப் பழைய வழக்கம். 1859இல் டைட்டஸ்வில் என்னும் ஊரில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றிலிருந்துதான் அமெரிக்க எண்ணெய்த் தொழில் கிளம்பியது. அன்று தொட்டு, எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் குத்தகை எழுதுவது அம்மாநில விவசாயிகளுக்குப் பழகிப்போன ஒன்று. பழகியதால்தான் 2006இல் வந்த காகிதத்தையும் அவர்கள் கூர்ந்து படிக்கவில்லை.

ஒரு பாறையின் விலை ஏறிய கதை

பென்சில்வேனியா, நியூயார்க், மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ ஆகிய மாநிலங்களின் அடியில் மார்செலஸ் என்னும் பாறைப்படிவம் பரந்து கிடக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் மார்செலஸ் என்ற ஊரருகே அது தரைக்கு மேல் தலைகாட்டுவதால் அப்பெயர். ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சேறு இறுகி உருவான களிப்பாறை அது. ஆங்கிலத்தில் 'ஷேல்' என்பார்கள்.

இப்பாறையில் எரிவாயு இருப்பது புவியியலாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். எடுப்பதுதான் சிரமம். மணற்கல்லில் உள்ள துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் துளையிட்டதும் எரிவாயு கிணற்றை நோக்கி ஓடிவரும். களிப்பாறையின் துளைகளோ மிக நுண்ணியவை, இணைப்பும் இல்லாதவை. எரிவாயு உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும்.

இச்சிறையை உடைத்த முறை டெக்சாஸ் மாநிலத்தின் பார்னெட் களிப்பாறையில் உருவானது. ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் பல ஆண்டுகள் முயன்று, பெருமளவு நீரையும் மணலையும் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்தால் எரிவாயு வரும் என்பதை 1990களின் இறுதியில் மெய்ப்பித்தது. நீர் பாறையில் விரிசலை உண்டாக்கும். மணல் அவ்விரிசல் மூடாமல் தாங்கி நிற்கும். செங்குத்தாக இறங்கி, பிறகு படுக்கைவாட்டில் திரும்பிப் பாறைக்குள்ளேயே நெடுந்தூரம் செல்லும் துளையிடும் முறை இதனோடு சேர்ந்தபோது, பயனற்றதாகக் கருதப்பட்ட பாறை பொன்னாகியது.

2004இல் பென்சில்வேனியாவின் தென்மேற்கே வாஷிங்டன் மாவட்டத்தில், வேறொரு படிவத்தைத் தேடித் தோண்டி ஏமாற்றம் தந்த ஒரு கிணற்றில் இம்முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மார்செலஸ் எரிவாயு தந்தது. அடுத்த ஆண்டு உற்பத்தியும் தொடங்கியது. அதன் பிறகுதான் நிறுவனங்கள் சத்தமில்லாமல் குத்தகை சேர்க்கத் தொடங்கின. பண்ணைக்காரரின் அடுப்பங்கரைக்கு 2006இல் ஆள் வந்தது இந்த அலையில்தான்.

2002இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை மார்செலஸில் எடுக்கத்தக்க எரிவாயு சுமார் 2 டிரில்லியன் கன அடி என்றே மதிப்பிட்டிருந்தது. 2008 ஜனவரியில் டெர்ரி எங்கெல்டர், கேரி லேஷ் என்னும் இரு பேராசிரியர்கள் 50 டிரில்லியன் கன அடி எடுக்க முடியலாம் என்று அறிவித்தார்கள். 2011இல் அரசுத் துறையே தன் மதிப்பீட்டை 84 டிரில்லியனுக்கு உயர்த்தியது. பாறை மாறவில்லை, அதைப் பற்றிய அறிவு மாறியது. 2004க்கும் 2008க்கும் இடைப்பட்ட காலத்தில் அவ்வறிவு மேசையின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது.

நிறுவனங்களுக்கும் எல்லாம் உறுதியாகத் தெரிந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. ஒரு மாவட்டத்தில் வெற்றி தந்த முறை இருநூறு மைல் தள்ளி இன்னொரு மாவட்டத்திலும் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆயினும் அவர்களிடம் ஒரு நல்ல யூகம் இருந்தது. விவசாயியிடம் ஒழுகும் கூரை இருந்தது.

விலையைவிடக் கனமான வரிகள்

அன்றிரவு அந்தக் குத்தகைக் காகிதத்தை நான் இருமுறை படித்தேன். அதன் பிறகு, குளிர்காலத்தில் ஒரு தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நடந்த நில உரிமையாளர் கூட்டத்துக்கும் அவரோடு சென்றேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு இத்தகைய விளக்கக் கூட்டங்களைப் பல ஊர்களிலும் நடத்தி வந்தது. அங்கே கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன். முன்பணம் குறைந்துபோனது ஒருமுறை வலிக்கும் வலி. கீழே வரும் நிபந்தனைகள் தலைமுறைக்கும் தொடர்பவை.

முதலாவது, காலம். ஐந்தாண்டுக் குத்தகை என்று எழுதியிருந்தாலும், "அதன் பின் எரிவாயு உற்பத்தியாகும் காலம் வரை" என்ற சொற்றொடர் அடுத்த வரியிலேயே இருக்கும். ஐந்தாண்டுக்குள் ஒரு கிணறு தோண்டிவிட்டால் போதும். குத்தகை முடிவதே இல்லை. சில குத்தகைகளில், பழைய விலையிலேயே மேலும் ஐந்தாண்டு நீட்டித்துக்கொள்ளும் உரிமையும் நிறுவனத்துக்கு இருந்தது.

இரண்டாவது, பரப்பும் ஆழமும். பல நிலங்களை ஒன்றாக இணைத்து, எடுத்துக்காட்டாக 640 ஏக்கர் கொண்ட ஒரு தொகுதியாக்கி, அதில் ஒரு கிணறு தோண்டுவார்கள். உங்கள் நூறு ஏக்கரில் இருபது ஏக்கர் அத்தொகுதிக்குள் வந்தால், இருபதுக்கு மட்டுமே பங்கு கிடைக்கும். ஆனால் நூறு ஏக்கரும் குத்தகைக்குள் கட்டுண்டு கிடக்கும். மேலேயுள்ள பழைய சிறு கிணறு ஒன்று உற்பத்தியில் இருந்தால், அதற்கு ஆயிரக்கணக்கான அடி கீழேயுள்ள மார்செலஸும் அதே பழைய குத்தகையில் சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்க ஒரு விதி உண்டு. லூசியானா மாநில வழக்கறிஞர் ஒருவர் 1947இல் வகுத்தது. அவர் பெயராலேயே 'பியூ விதி' எனப்படுகிறது. தொகுதிக்குள் வராத நிலம் குறித்த காலத்தில் விடுபடும் என்பதே அதன் சாரம். கேட்டவர்களின் குத்தகையில் அது இருந்தது. கேட்காதவர்களின் குத்தகையில் இல்லை.

மூன்றாவது, கழிவு. எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் தரவேண்டும் என்று பென்சில்வேனியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எதில் எட்டில் ஒரு பங்கு? கிணற்றிலிருந்து வெளிவந்த எரிவாயுவை அழுத்தி, சுத்திகரித்து, குழாய்வழி சந்தைக்குக் கொண்டுசெல்லச் செலவாகிறது. அச்செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தில் பங்கு கணக்கிடலாம் என்று 2010இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'கழிவு கூடாது' என்று வெளிப்படையாக எழுதிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 640 ஏக்கர் தொகுதியிலிருந்து ஒரு மாதத்தில் பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள எரிவாயு வருவதாகக் கொள்வோம். அதில் இருபது ஏக்கர் வைத்திருப்பவருக்கு எட்டில் ஒரு பங்கு வீதம் 3,906 டாலர் கிடைக்கும். கழிவு நாற்பது விழுக்காடு எனில் கைக்கு வருவது 2,344 டாலர்தான். நூறு ஏக்கரும் தொகுதிக்குள் இருந்து, கழிவும் இல்லையென்றால் 19,531 டாலர். ஒரே நிலம், ஒரே பாறை, ஒரே எட்டில் ஒரு பங்கு. வேறுபாடு முழுவதும் சில வரிகளில் இருக்கிறது.

நான்காவது, மேற்பரப்பு. கிணற்றுத் தளத்துக்குச் சில ஏக்கர் நிலம் வேண்டும். லாரிகள் வந்துபோகப் பாதை, நீர்த்தேக்கம், குழாய்வழி எனப் பலவும் வேண்டும். இவை எங்கே வரும் என்பதைப் பழைய குத்தகைகள் பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பத்துக்கே விட்டிருந்தன. நிலத்தடி நீரைப் பற்றிய பாதுகாப்பும் அவற்றில் சொற்பம். சஸ்குவஹானா மாவட்டத்தின் டிமோக் ஊரில் 2009 புத்தாண்டு நாளன்று ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு, அதில் சேர்ந்த மீத்தேன் வாயுவால் வெடித்தது. அங்கே துளையிட்ட நிறுவனத்தின் கிணறுகளிலிருந்து வாயு கசிந்ததாக மாநிலச் சுற்றுச்சூழல் துறை முடிவுசெய்தது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு, 2022இல் அந்நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றது. தோண்டுவதற்கு முன்பே கிணற்று நீரைப் பரிசோதித்துப் பதிவு செய்யவேண்டும் என்ற நிபந்தனையின் அருமையைப் பலரும் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

காத்திருந்தவர்கள் வென்றார்களா?

இதுவரை படித்தவர்கள், பொறுத்தார் பூமி ஆள்வார், காத்திருந்தவர்களே அறிவாளிகள் என்று நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பாதி உண்மைதான்.

2008 ஜூலையில் இயற்கை எரிவாயு விலை, பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 13 டாலரைத் தொட்டது. 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே சரிந்தது. 2008 இலையுதிர் காலத்தில் உலக நிதி நெருக்கடி வெடித்தபோது, இன்னும் நல்ல விலைக்காகக் காத்திருந்த சிலரிடம் சொல்லப்பட்ட விலைகள் திரும்பப் பெறப்பட்டன. அவர்களும் வருந்தினார்கள், கையொப்பமிடாததற்காக.

எல்லைக்கு அப்பால் நியூயார்க் மாநிலத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே 2008இல் சுற்றுச்சூழல் ஆய்வு முடியும்வரை இம்முறையில் கிணறு தோண்ட அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. பழைய விலையில் குத்தகை எழுதியிருந்தவர்கள், ஐந்தாண்டு முடிந்ததும் விடுதலை பெற்று அதிக விலைக்கு மறுபடி எழுதலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நிறுவனங்களோ, அரசின் தடை தங்கள் கைக்கு அப்பாற்பட்டது என்பதால் தடைக்காலத்தைக் குத்தகைக் காலத்தில் சேர்க்கக்கூடாது என்று வாதிட்டன. தியோகா மாவட்ட நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், 2015 மார்ச்சில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குத்தகை முடிந்துவிட்டது; நிலம் மீண்டது. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, 2014 டிசம்பரில், மாநில அரசு அம்முறையையே தடை செய்வதாக அறிவித்திருந்தது. 2020இல் அத்தடை சட்டமாகவும் ஆனது. புதிய குத்தகைக்கு வர அங்கே யாரும் இல்லை.

ஆகவே, எப்போது கையொப்பமிட்டோம் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். விலை ஏறும் நாளை விவசாயியும் அறியார், நிறுவனமும் அறியாது. எதில் கையொப்பமிட்டோம் என்பது அப்படியன்று. கால வரம்பு, பியூ விதி, கழிவு, நீர்ப் பரிசோதனை ஆகிய எதற்கும் மார்செலஸின் இரகசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏக்கர் 25 டாலராக இருந்த நாளிலும் இவற்றைக் கேட்டிருக்கலாம். நிறுவனம் மறுத்திருந்தால், அந்த மறுப்பே ஒரு தகவலாக இருந்திருக்கும்.

சட்டம் எங்கே நின்றது?

"ஏமாற்றியிருந்தால் வழக்குப் போட வேண்டியதுதானே?" என்று என் நண்பர்கள் கேட்பதுண்டு. அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் பொதுவாக, விற்பவர் செய்யும் மோசடியிலிருந்து வாங்குபவரைக் காப்பாற்ற எழுந்தவை. எரிவாயுக் குத்தகையிலோ விவசாயிதான் விற்பவர், நிறுவனம் வாங்குபவர். பென்சில்வேனியா அரசுத் தலைமை வழக்கறிஞர் எரிவாயு நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கில், குத்தகை எடுக்கும் நிறுவனத்துக்கு அம்மாநில நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் பார்வையில், ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர் ஒரு வணிகர்.

சட்டமன்றமும் அவர்களுக்குத் துணை நின்றது என்று சொல்ல முடியவில்லை. பழைய குத்தகைகள் செங்குத்துக் கிணறு மட்டுமே இருந்த காலத்தில் எழுதப்பட்டவை. நிலங்களை இணைப்பதைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. 2013இல் வந்த சட்டத் திருத்தம், குத்தகையில் வெளிப்படையாகத் தடுக்கப்படாவிட்டால், அடுத்தடுத்த நிலங்களைச் சேர்த்துப் படுக்கைவாட்டில் துளையிட நிறுவனங்களுக்கு வழிவிட்டது. எழுதாமல் விட்ட வரி யாருக்குச் சாதகம் என்பதைக் காலம்தான் முடிவுசெய்கிறது.

அந்தப் பண்ணையில் பிறகு

பண்ணைக்காரரின் குத்தகை 2011 ஏப்ரலில் முடியவேண்டும். அடுப்பங்கரை நாட்காட்டியில் அந்தத் தேதியை அவர் மனைவி சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். பிப்ரவரியில், உறைபனி உருகுவதற்கு முன்பே, வேலிக்கு அந்தப் பக்கம் துளையிடும் கோபுரம் எழுந்தது. தொகுதியின் வரைபடம் தபாலில் வந்தது. இவருடைய நிலத்தில் ஒரு மூலை, இருபது ஏக்கர், அதற்குள் இருந்தது. அவருடைய குத்தகையில் பியூ விதி இல்லை. நூறு ஏக்கரும் கட்டுண்டன.

நான் நாடு திரும்புவதற்கு முன் விடைபெறப் போனேன். இரவில் அந்தக் கோபுரத்தின் விளக்குகள் தொழுவத்துச் சுவரில் விழுந்துகொண்டிருந்தன. அவர் கோபமாக இல்லை. "2,500 டாலருக்கு எழுதிக் கொடுத்தேன் என்று ஊரே சிரிக்கிறது. அதற்கு நான் வருந்தவில்லை. அன்றைக்கு அதுதான் விலை. கூரையும் ஒழுகியது. ஆனால் அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே, அதுதான் தூங்க விடுவதில்லை" என்றார். அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் அந்தக் கையொப்பமே செல்லும்.

அதன் பிறகு சில ஆண்டுகள் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. மாதப் பங்கு வருகிறதாம். விலை சரிந்த மாதங்களில், கழிவு போக, மாட்டுத் தீவனத்துக்குக்கூடப் போதவில்லையாம்.

நாம் கேட்க வேண்டியவை

நம் மாணவர்களுக்கு எரிவாயுக் குத்தகை எழுதும் வாய்ப்பு வரப்போவதில்லை. ஆனால் கல்விக் கடன், உபகாரச் சம்பளத்தோடு வரும் பணி ஒப்பந்தம், முதல் வேலை, முதல் வீடு என்று கையொப்பமிட வேண்டிய காகிதங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. அவற்றில் பலவும் எதிர்த்தரப்பு எழுதித் தந்தவை. எதிர்த்தரப்புக்கு எதிர்காலம் பற்றி நம்மைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

2013இல் என் அப்பா ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். கெடாவில் எங்கள் குடும்பத்துக்குக் கூட்டுரிமையாக இருந்த ஒரு துண்டு நிலத்தை மேம்படுத்த ஒருவர் ஒப்பந்தம் கொண்டுவந்திருப்பதாகவும், நல்ல விலை என்றும், மறுநாளே கையொப்பம் கேட்பதாகவும் சொன்னார். "விலை இருக்கட்டும் அப்பா, எந்தத் தேதிக்குள் வேலையை ஆரம்பிக்கணும்னு எழுதியிருக்கா? ஆரம்பிக்கலேன்னா நிலம் திரும்ப நம்ம கைக்கு வருமா?" என்று கேட்டேன். காகிதங்கள் புரளும் ஓசை கேட்டது. "அப்படி ஒண்ணும் இல்லையேப்பா" என்றார். ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, இரண்டு வரி சேர்க்கச் சொன்னோம். எதிர்த்தரப்பு மூன்று வாரம் யோசித்தது, பிறகு ஒப்புக்கொண்டது. வேலை தொடங்கவே இல்லை. ஈராண்டு கழித்து நிலம் எங்களிடம் திரும்பி வந்தது.

பிராட்ஃபோர்டு மாவட்டத்தில் கற்ற கேள்விகளை உங்களுக்கும் தந்து முடிக்கிறேன். இது எப்போது முடியும்? முடிவதை யார் தீர்மானிப்பார்? நான் கொடுப்பதில் எவ்வளவு கட்டுப்படும், எவ்வளவு விடுபடும்? எனக்கு வரவேண்டியதில் எதையெல்லாம் கழிப்பார்கள்? இதே காகிதத்தில் இதற்குமுன் கையொப்பமிட்டவர் யார், அவரிடம் பேசினேனா? இவற்றைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. பேனாவைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் போதும்.

பண்ணைக்காரர் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது.